ஜெயலெட்சுமி டீச்சரின் ஊர்

எங்கள் தமிழ்ப்பள்ளிக்குப் புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியர்கள் முதல் நாளில் ஜெயலெட்சுமி டீச்சரிடம் மலாய் மொழியில்தான் பேசுவார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பு நானும் அப்படித்தான் பேசினேன். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுக்கொண்டு, "தமிழ்லயே சொல்லு பிரமிளா, எனக்கு அதான் சுலபம்" என்றார். சிறிய கண்கள், வெளுத்த தோல், தட்டையான மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி, நெற்றியில் குங்குமம். பார்த்தவுடன் யாருக்கும் சீனப் பெண் என்றுதான் தோன்றும். வாயைத் திறந்தாலோ, நாகப்பட்டணத்திலிருந்து கப்பலேறி வந்த அவருடைய அப்பாவின் பேச்சு அப்படியே வரும்.

பினாங்கில் ஒரு காலத்தில் இது பெரிய அதிசயம் இல்லை. பெண்பிள்ளைகள் நிறையப் பிறந்துவிட்ட சீன வீடுகள் சில, பிள்ளையில்லாத தமிழ் வீடுகளுக்குக் குழந்தையைக் கொடுத்துவிடும். அப்படி வளர்ந்த பெண்கள் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பார்கள். தமிழ் வீடுகளுக்கு மருமகள்களாகப் போவார்கள். இப்போது அவர்களெல்லாம் வயதானவர்கள். டீச்சருக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது. கெலுகோரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் கணவரோடு இருக்கிறார். பள்ளியில் வரலாறு சொல்லித் தருகிறார். அவர் வகுப்புக்கு அடுத்த அறையில் நான் கணக்கு எடுக்கிறேன். நடுவில் இருப்பது பலகைத் தடுப்புதான் என்பதால் அவர் நடத்தும் பாடத்தில் பாதி என் காதிலும் விழும்.

அவர் பிறந்தது ஜெலுத்தோங் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில். பெற்றவளுக்கு அதற்கு முன்பே ஆறு பிள்ளைகள். கணவனுக்குக் காசநோய். அந்தச் சந்தின் சாக்கடையைத் தினமும் கூட்டிச் சுத்தம் செய்தவர் அஞ்சலை என்ற நகராட்சித் தொழிலாளி. கல்யாணமாகிப் பல வருடமாகியும் அவருக்குப் பிள்ளையில்லை. இரண்டு பெண்களும் காலையில் ஒருவரையொருவர் பார்த்துச் சந்தை மலாயில் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள். அந்த நாலு வார்த்தையிலேயே குழந்தையின் விஷயமும் பேசி முடிந்தது. அஞ்சலையின் கணவர் அர்ஜுனனும் நகராட்சியில் குப்பை லாரி வேலைதான். நகராட்சிக் குடியிருப்பின் மூலை வீட்டுக்குக் குழந்தை வந்து சேர்ந்தபோது அதற்குப் பிறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை.

அஞ்சலை எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு சீனப் பெருநாளுக்கும் பிள்ளைக்குப் பாவாடை சட்டை போட்டு, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு அந்தச் சந்துக்குக் கூட்டிப் போவார். பெற்றவள் கதவைத் திறப்பாள், பழத்தை வாங்கிக்கொள்வாள், சிவப்பு உறையில் காசு வைத்துக் கொடுப்பாள். பிள்ளையை நேராகப் பார்க்க மாட்டாள். உள்ளே அக்காமார்கள் எட்டிப் பார்ப்பார்கள். யாரோடும் பேச முடியாது, மொழி கிடையாது. கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்புவார்கள்.

ஜெயலெட்சுமிக்கு ஒன்பது வயதான வருடம், பழத்தை வாங்கிக்கொண்ட பெற்றவள் மலாயில் அஞ்சலையிடம், "இனிமே இவள கூட்டிட்டு வராதே" என்றாள். ஏன் என்று அஞ்சலை கேட்டார். கதவு சாத்திக்கொண்டது. சொன்னது பிள்ளைக்குப் புரியாது என்று இரண்டு பெண்களும் நினைத்திருக்கலாம். ஒன்பது வயதில் பினாங்கில் எந்தப் பிள்ளைக்கு மலாய் புரியாது? ஏன் என்று அஞ்சலையிடம் ஜெயலெட்சுமி கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சீன மொழியின் பக்கமே போகவில்லை. கடைகளில், வங்கியில், மருத்துவமனையில் ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஹொக்கியன் என்ற சீன மொழியில் பேசுவார்கள். அவர் மலாயில் பதில் சொல்வார். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளெல்லாம் தெருவில் விளையாடியே ஹொக்கியன் கற்றுக்கொண்ட ஊரில் அவர் மட்டும் பிடிவாதமாகக் கற்றுக்கொள்ளாமல் இருந்தார்.

படித்தார், ஆசிரியர் பயிற்சிக்குப் போனார். அங்கே பழக்கமான தேவகுமார் கல்யாணம் பேச வீட்டாரை அழைத்து வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குமாஸ்தா வேலையில் தலையெடுத்த குடும்பம் அவர்களுடையது. அவர்கள் வீட்டில் யாரைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். தேவகுமாரின் பெரியப்பா அர்ஜுனனிடமும் அதைக் கேட்டார்.

"நாகப்பட்டணம் பக்கம்," என்றார் அர்ஜுனன்.

"அது உங்களுக்கு. பிள்ளைக்கு?"

"என் பிள்ளைக்கும் அதான் ஊரு."

பெரியப்பா காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, நல்ல நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்தார். டீச்சர் இந்தக் கதையை எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் அவர்கள் இருவர் படமும் மாலையோடு தொங்குகிறது.

பெற்ற வீட்டில் ஒரே ஓர் ஆளை மட்டும் அவர் அவ்வப்போது பார்ப்பதுண்டு. மூத்த அக்கா சியூ லான், ஜெலுத்தோங் பசாரில் கருவாடும் நெத்திலியும் விற்கிறார். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியும். எதிர்ப்பட்டால் தலையசைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சியூ லானின் சட்டைக் கையில் பெற்றோர் இறந்தால் சீனர்கள் குத்திக்கொள்ளும் சின்னத் துக்கத் துணி இருந்தது. பெற்றவள் இறந்துவிட்டாள் என்று ஜெயலெட்சுமி புரிந்துகொண்டார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தக் கடையில் கருவாடு வாங்கினார். சியூ லான் நிறுத்துக் கொடுத்தார். இது நடந்தும் பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது.

இனி நான் சொல்ல வந்தது. போன வருடம் சுதந்திர மாதத்துக்கு ஒவ்வொரு வகுப்பும் ஒரு சுவரை அலங்கரிக்க வேண்டும் என்று தலைமையாசிரியை சொன்னார். மற்ற வகுப்புகளில் கொடியும் செம்பருத்திப் பூவும் ஏறின. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஜெயலெட்சுமி டீச்சர் பெரிய ஆசிய வரைபடம் ஒன்றை ஒட்டினார். வரைபடம் பார்ப்பது எப்படி என்று முதலில் இரண்டு வாரம் பாடம் நடந்தது. திசை, அளவுகோல், கடல், நீரிணை. பிறகு பினாங்கில் ஓர் ஊசியைக் குத்திவிட்டுப் பிள்ளைகளிடம் சொன்னார்: "இந்தத் தீவுல இருக்கிற எல்லாரும் எங்கிருந்தோ வந்தவங்கதான். உங்க வீட்டு ஆளுங்க எந்த ஊர்ல கப்பல் ஏறினாங்க, என்ன வேலைக்கு வந்தாங்க, என்ன கொண்டு வந்தாங்க, கேட்டுட்டு வாங்க. கூகுள்ல தேடக் கூடாது. ஆளுகிட்ட கேக்கணும்."

பிள்ளைகள் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஆளுக்கொரு நிறக் கம்பளி நூலை எடுத்துத் தங்கள் ஊரிலிருந்து பினாங்குக்கு இழுத்துக் கட்டினார்கள். ஷஃபீக்கின் நூல் கடையநல்லூரிலிருந்து வந்தது. அவன் குடும்பத்தில் நாலு தலைமுறையாக நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. பின்வரிசையில் இருந்த ஒரு பெண்ணின் அம்மா சுமத்ராவின் மேடானிலிருந்து வந்தவர். அவள் நூல் கடலைத் தாண்டிச் சும்மா ஒரு விரல் நீளம்தான். மித்துஷா என்ற பெண்ணின் நூல்தான் எல்லாரும் பார்க்கும்படி இருந்தது. அவள் கொள்ளுத்தாத்தா ரயில்வே வேலைக்காக பட்டர்வொர்த் வந்தவர். காரைநகர் என்று ஊர்ப் பெயரையும், கோயில் பெயரையும், கொண்டு வந்த டிரங்குப் பெட்டியில் என்ன இருந்தது என்பதையும் மூச்சுவிடாமல் சொன்னாள். மற்ற பிள்ளைகளில் பாதிப் பேர் மதுரை என்றும் சேலம் என்றும் சொல்லிக் கட்டினார்கள்.

எல்லாரும் கட்டி முடித்ததும் டீச்சரும் ஒரு சிவப்பு நூலை எடுத்து நாகப்பட்டணத்தில் குத்தினார். அப்பா பதினாலு வயதில் கப்பலேறிய கதையைச் சொன்னார். தடுப்புக்கு இந்தப் பக்கம் என் வகுப்பு பின்னம் போட்டுக்கொண்டிருந்தது.

அப்போது மித்துஷா கேட்டாள். "டீச்சர், நீங்க சைனிஸ்தானே?"

வகுப்பில் சத்தம் அடங்கியது எனக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளையின் குரலில் கேலி ஒன்றும் இல்லை. நூல் தவறான இடத்தில் இருக்கிறதே என்று சரிபார்க்கிற குரல்.

"பொறந்தது சீன வீட்டுல," என்றார் டீச்சர்.

"அப்ப அவங்க எந்த ஊர்ல கப்பல் ஏறினாங்க?"

"தெரியாதுமா."

"கேட்டுட்டு வரணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

பிறகு டீச்சர் சொன்னார், "ஆமா. நான்தான் சொன்னேன். கேட்டுட்டு வர்றேன்."

அன்று பள்ளி முடிந்ததும் அவர் காண்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். "பெரியவங்க கேட்டா ஆயிரம் பதில் வச்சிருக்கேன் பிரமிளா," என்றார். "வளர்த்தவங்கதான் அப்பா அம்மாம்பேன். எல்லாம் மனுசங்கதான்ம்பேன். அந்தப் பிள்ளை கேட்டதுக்கு அது எதுவுமே பதில் இல்ல. ஊர் பேரு என்னன்னு கேக்குது."

"பிள்ளைங்க மறந்துடும் டீச்சர்."

"மறக்காது. நான் சொல்லிட்டேன்லா."

வீட்டில் தேவகுமாரிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளை மடித்து வைத்தாராம். "இவ்வளவு காலம் வேணாம்னு இருந்தே. இப்ப போய் எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார். "எனக்குன்னு போகலை. வகுப்புக்குச் சொல்லிட்டேன்," என்றிருக்கிறார் டீச்சர். அது முழு உண்மையில்லை என்று இருவருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பசாருக்குப் போனார். கூட்டம் குறையும்வரை காய்கறிக் கடைப் பக்கம் நின்றார். பிறகு கருவாட்டுக் கடைக்கு வந்து, எப்போதும்போல் தலையசைப்பதோடு நிற்காமல், மலாயில், "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். சியூ லான் தராசிலிருந்து கையை எடுத்தார். அறுபத்தெட்டு வயது, கணுக்கால்வரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் காசுப்பை. அடுத்த கடைக்காரியிடம் ஏதோ சொல்லிவிட்டு இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகளை இழுத்துப் போட்டார். தங்கைக்கு ஒன்று, தனக்கொன்று.

"நம்ம ஆளுங்க எந்த ஊர்லேர்ந்து வந்தாங்க?"

டீச்சர் வேறு ஏதோ கேட்கப்போகிறார் என்று சியூ லான் எதிர்பார்த்திருந்தார் போலும். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெங்சுவா" என்றார். ஹொக்கியனில் சீன தேசத்துக்கு அதுதான் பெயர்.

"அது நாடு. ஊரு?"

"ஊரு அப்பா கல்லறையில இருக்கு. எங்க ஆளுங்க கல்லுல ஊர் பேரைத்தான் மேல வெட்டுவாங்க. எனக்குப் படிக்கத் தெரியும், ஆனா ஊர் பேரு மறந்துபோச்சு. போய்ப் பாக்கணும்."

"எப்ப போகலாம்?"

"இப்ப ஏழாம் மாசம். பேய் மாசம். இடுகாட்டுக்குப் போகக் கூடாது. முடியட்டும்."

சீனர்களின் அந்த ஏழாம் மாதம் முடியும்வரை டீச்சர் ஒவ்வொரு ஞாயிறும் பசாருக்குப் போனார். அந்த முக்காலியில் உட்கார்ந்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைச் சந்தை மலாய்தான். அதில் விலை பேசலாம், வழி கேட்கலாம், மனசில் இருப்பதைச் சொல்ல முடியாது. அதனால் விலைவாசியையும் முழங்கால் வலியையும் பேசினார்கள். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, தன்னை 'அச்சி' என்று கூப்பிடச் சொன்னார் சியூ லான். அக்கா என்று அர்த்தம். டீச்சர் அதை வீட்டில் சொன்னபோது தேவகுமார் சிரித்துவிட்டு, "எங்கட வீட்டில ஆச்சி எண்டா பாட்டி. பாத்துக் கூப்பிடு" என்றாராம்.

பள்ளியில் சுதந்திர மாதம் முடிந்து மற்ற சுவர்களில் அலங்காரத்தை எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் ஆண்டு வரைபடம் மட்டும் இருந்தது. மித்துஷா ஒரு தடவை கேட்டாள்: "டீச்சர், கேட்டுட்டீங்களா?" "கேட்டுட்டேன். பதில் இன்னும் வரலை," என்றார் டீச்சர்.

தேவகுமாருக்குக் கண்ணில் அறுவை செய்திருந்ததால், இடுகாட்டுக்கு நான் ஓட்ட என் காடியில்தான் போனோம். பத்து லஞ்சாங் மேட்டில், புல் இடுப்பளவு வளர்ந்த சரிவு. சியூ லான் முன்னால் நடந்தார். கையில் ஊதுவத்தி, மெழுகுவத்தி, ஒரு பை ஆரஞ்சு, புல் வெட்ட அரிவாள். கல்லைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கான கல்லறை அது. கணவன் முதலில் இறந்தபோதே மனைவியின் பெயரையும் பக்கத்தில் வெட்டிச் சிவப்பு அடித்து வைப்பார்களாம். அவளும் போன பிறகு அந்தச் சிவப்பை மாற்றிவிடுவார்களாம். எழுத்துப் பள்ளத்தில் பழைய சிவப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

சியூ லான் புல்லை வெட்டினார், கல்லைத் துடைத்தார். உச்சியில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்றாக இரண்டு எழுத்து. விரலை வைத்துப் படித்தார். "லாம்வா."

நான் கைப்பேசியில் பார்த்தேன். சீனாவின் ஃபூஜியான் மாநிலத்தில் இருக்கிறது, இப்போது நான்ஆன் என்று எழுதுகிறார்கள். டீச்சரிடம் காட்டினேன். அவர் அதை உடனே பார்க்கவில்லை. கல்லின் ஓரத்தில் வரிசையாக இருந்த சின்ன எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

"பிள்ளைங்க பேரு. ஆம்பிளைங்க இங்க, பொம்பளைங்க அங்க. இது நான்."

"நான் எங்க?" என்றார் டீச்சர்.

சியூ லான் அரிவாளைக் கீழே வைத்தார். "இல்ல. சித்தப்பாதான் கல்லு வச்சாரு. உன் பேரும் போடணும்னு அம்மா சொன்னாங்க. கொடுத்தது கொடுத்ததுதான்னாரு சித்தப்பா."

டீச்சர் தலையசைத்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவர் வகுப்பில் தப்பான பதிலைக் கேட்கும்போதும் அந்த முகம் அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் கழித்து, "அம்மாவுக்கு எந்த ஊரு? அவங்களுக்கும் லாம்வாதானா?" என்று கேட்டார்.

"கல்லுல புருஷன் ஊரைத்தான் போடுவாங்க. அம்மாவுக்கு ஊரு தெரியாது."

"தெரியாதுன்னா?"

சியூ லான் அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். அவருடைய மலாய் போதாமல் இடையிடையே ஹொக்கியன் வந்தது. அந்த இடங்களை எனக்குத் தெரிந்த மட்டில் நான் சொன்னேன். பெற்றவளையும் கைக்குழந்தையாக இருக்கும்போதே யாரோ கொடுத்துவிட்டார்களாம். வளர்த்துப் பெரியவளானதும் அந்த வீட்டு மகனுக்கே கட்டிவைக்கிறது என்று ஏற்பாடு. அந்தக் காலத்தில் ஏழைச் சீனக் குடும்பங்களில் அப்படி உண்டு. அவளைப் பெற்றவள் ஒவ்வொரு பெருநாளுக்கும் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவாளாம். ஒரு வருடம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. எந்தத் தெருவிலிருந்து வந்தாள், என்ன பெயர், ஒன்றும் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பல வருடம் பெருநாளன்று வாசலை விட்டு நகராமல் இருந்தாளாம்.

"அதான் உன்ன கூட்டிட்டு வராதேன்னாங்கன்னு நினைக்கிறேன்," என்றார் சியூ லான். "காத்துக்கிட்டு நிக்கப் பழகக் கூடாதுன்னு ஒரு தடவ சொன்னாங்க. உன்னப் பத்தித்தான் சொன்னாங்களா, அவங்களப் பத்தியா, எனக்குத் தெரியல. நான் கேக்கல."

ஜெயலெட்சுமி டீச்சர் ஊதுவத்தியை வாங்கிக்கொண்டார். எப்படிப் பிடிப்பது என்று சியூ லான் காட்டினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் கும்பிடும்போது கை தானாகவே கோயிலில் கும்பிடுவதுபோல் நெற்றிக்கு மேல் போனது. சியூ லான் திருத்தவில்லை. இறங்கி வரும்போது இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சரிவு வழுக்கியது, இரண்டு பேருக்கும் முழங்கால் சரியில்லை.

காடியில் ஏறி வெகுநேரம் கழித்து டீச்சர் சொன்னார்: "எங்கப்பா சாம்பலைக் கடல்லதான் கரைச்சோம். அவருக்குக் கல்லும் இல்ல, பேரும் இல்ல. இத்தனை வருசம் எனக்கு அது ஒரு குறையாவே தோணல பிரமிளா. இன்னைக்குத் தோணுது." எதற்கு அதைச் சொன்னார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போதும் முழுதாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை வரலாற்றுப் பாடத்துக்கு நான் என் வகுப்பைச் சும்மா எழுதச் சொல்லிவிட்டுத் தடுப்போரம் நின்றேன். டீச்சர் பிள்ளைகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். சாக்கடை கூட்டிய அம்மாவை, பெற்ற அம்மாவை, கல்லை, கல்லில் தன் பெயர் இல்லாததை. பத்து வயதுப் பிள்ளைகளிடம் இவ்வளவு சொல்லலாமா என்று எனக்குத் தயக்கமாக இருந்தது. அவர் குரல் அளவுகோல் சொல்லித் தந்தபோது எப்படி இருந்ததோ அப்படித்தான் இருந்தது. சொல்லிவிட்டு ஃபூஜியானில் ஓர் ஊசி குத்தி இன்னொரு நூல் கட்டினார். நாகப்பட்டணத்து நூலை அவிழ்க்கவில்லை. மூன்றாவதாக ஒரு நூலைப் பினாங்கில் மட்டும் கட்டி மறுமுனையைத் தொங்கவிட்டார்.

"இது யாரு, டீச்சர்?" என்றாள் மித்துஷா.

"என்னைப் பெத்தவங்களோட அம்மா. எந்த ஊருன்னு யாருக்கும் தெரியாது. கேட்டுப் பாத்துட்டேன். கேக்க ஆளில்ல."

"அப்ப அது தப்பில்லையா?"

"தெரியலைங்கறது தப்பில்லமா. தெரியாத இடத்துல ஊசி குத்துறதுதான் தப்பு."

கொஞ்ச நேரம் கழித்து தனேஷ் என்ற பையன் எழுந்தான். அவன் நூல் மதுரையில் இருந்தது. "டீச்சர், எங்க வீட்டுல யாருக்கும் தெரியலன்னாங்க. ரப்பர் எஸ்டேட்டுல பொறந்தோம், அதுக்கு முன்ன தெரியாதுன்னாங்க. நானாதான் மதுரைன்னு குத்தினேன்."

"அவிழ்த்துடறியா?"

அவன் போய் அவிழ்த்தான். பிறகு இன்னொரு பிள்ளை எழுந்தது, பிறகு இன்னொன்று. நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மணி அடித்த பிறகு நான் போய்ப் பார்த்தேன். சுவரில் கட்டியிருந்ததைவிடத் தொங்கிய நூல்தான் அதிகம்.

அந்த வாரம் வகுப்புகளைப் பார்த்து வந்த தலைமையாசிரியை அந்தச் சுவரின் முன் நின்றார். "டீச்சர், இது முடிஞ்ச மாதிரி இல்லையே," என்றார்.

"முடியலதான் டீச்சர்," என்றார் ஜெயலெட்சுமி டீச்சர். அதோடு விட்டுவிட்டார்கள்.

அந்தத் தீபாவளிக்கு சியூ லான் கெலுகோர் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். நானும் என் பிள்ளைகளோடு அங்கே இருந்தேன். பசார் பூட்ஸ் இல்லாமல், பூப்போட்ட சட்டையும் காலணியுமாக அவரைப் பார்க்க வேறு ஆள்போல் இருந்தது. தேவகுமார் எழுந்து நின்று வரவேற்றார். சியூ லான் காலணியை வெளியே கழற்றிவிட்டு, வீட்டைச் சுற்றிலும் நிதானமாகப் பார்த்தார். அஞ்சலையின் படத்துக்கு முன்னால் வந்ததும் நின்றார். மாலைக்கு நடுவில் இருந்த அந்தக் கறுத்த முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். டீச்சர் வாழை இலை போட்டு, வடையும் தோசையும் ஆட்டுக்கறியும் வைத்தார். சியூ லான் இலையைத் தொடவில்லை. பிடிக்கவில்லையோ என்று டீச்சர் கரண்டியை எடுத்து வந்து வைத்தார். சியூ லான் கரண்டியையும் எடுக்கவில்லை. மலாயில் மெதுவாகச் சொன்னார்:

"உன்ன அந்த வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனது நான்தான். அம்மாவால முடியல, என்கிட்ட கொண்டுபோய்க் குடுத்துட்டு வரச் சொன்னாங்க. எனக்குப் பத்து வயசு. துணியில சுத்தி, வெயில் படாம தூக்கிட்டுப் போனேன். அவங்க வாங்கிக்கிட்டாங்க. எனக்கு ஒரு இனிப்பு குடுத்தாங்க. நான் அத தின்னுகிட்டே திரும்பி வந்துட்டேன்."

டீச்சர் பரிமாறிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கணும்," என்றார் சியூ லான். "பசார்ல கேக்க முடியல. அவங்க உன்ன அடிச்சாங்களா?"

"இல்ல," என்றார் டீச்சர்.

"ஒரு தடவகூட?"

டீச்சர் யோசித்தார். "ஒரு தடவ. பொய் சொன்னதுக்கு. அடிச்சிட்டு அவங்களே அழுதாங்க."

"பட்டினி போட்டாங்களா?"

"இல்ல அச்சி. அவங்க சாப்பிடாத நாள் உண்டு. எனக்கு இல்லாத நாள் இல்ல."

சியூ லான் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண் கலங்கியதா என்று என்னால் சொல்ல முடியாது, குனிந்திருந்தார். பிறகு, "சரி" என்றார். கரண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பக்கத்தில் இருந்த என் மகள் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று பார்த்து, அதேபோல் தோசையைக் கையால் பிய்க்கத் தொடங்கினார்.